கேமராவின் சாவி யாரிடம் இருக்கிறது?

குஜராத்தின் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையில், பெண்களைப் பரிசோதித்து ஊசி போடும் இடத்திலும் சிசிடிவி கேமரா இருந்தது. அங்கே பதிவான காட்சிகள் யூடியூபில் இருப்பது 2025 பிப்ரவரியில் தெரியவந்தது. யூடியூபில் காட்டியது சிறு துண்டுகள் மட்டுமே. மீதியைப் பார்க்க விரும்புவோரை டெலிகிராம் குழுக்களுக்கு வரச் சொல்லி, அங்கே காசுக்கு விற்றார்கள். அகமதாபாத் சைபர் கிரைம் போலீஸார் மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆட்களைக் கைது செய்தார்கள். விசாரணை விரிய விரிய, விஷயம் அந்த ஒரு மருத்துவமனையோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது. பல மாநிலங்களில் பள்ளி, அலுவலகம், கடை, வீடு என்று கேமரா மாட்டிய இடங்களுக்குள் எல்லாம் புகுந்திருந்தார்கள்.

பெரிய வித்தை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மருத்துவமனைக் கேமராவின் கடவுச்சொல் ‘அட்மின்123’ என்று செய்திகள் வெளியாயின.

நோயாளிகளைப் பரிசோதிக்கும் இடத்தில் கேமரா வைத்ததே தவறு. அதற்கு அந்த நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ராஜ்கோட் எழுப்பிய இன்னொரு கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது யாருடைய வேலை? கேமராவைத் தயாரித்த நிறுவனமா, விற்ற கடையா, ஏணி போட்டு மாட்டிய டெக்னீஷியனா, பணம் கொடுத்து வாங்கியவரா? இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் இது யாருடைய வேலையாகவும் இல்லை. அதனால் யாரும் செய்வதில்லை.

இணையப் பாதுகாப்பு பற்றிய அறிவுரைகள் எல்லாம் கடைசியில் பயனர் தலையில்தான் வந்து இறங்குகின்றன. விழிப்புடன் இருங்கள், ஏமாறாதீர்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்கிறார்கள். ஓடிபி கேட்டு வரும் போனுக்கு இந்த அறிவுரை பொருந்தும். சுவரில் மாட்டிய கேமராவுக்கும், மேசை மேல் மினுக்கும் ரவுட்டருக்கும், டிவிக்குப் பின்னால் செருகிய பெட்டிக்கும் இது போதாது. அந்தச் சாதனங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்கியவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் வந்து மாட்டிவிட்டுப் போகிறவர். பாதுகாப்பும் அவர் வரும் அன்றே, அவர் கையாலேயே நடக்க வேண்டும். அதற்கான அறிவையும் கூலியையும் கட்டாயத்தையும் உண்டாக்கித் தருவது விற்பவர்களின் பொறுப்பு, அரசின் பொறுப்பு.

வாங்கியவரின் விழிப்புணர்வை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை உலகம் 2016-லேயே பார்த்துவிட்டது. அந்த ஆண்டு ‘மிராய்’ என்ற தீநிரல் இணையத்தில் பரவியது. அதை எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராப்ட் விளையாட்டு சர்வர்களை நடத்துவோரிடையே இருந்த தொழில் போட்டிதான் தொடக்கம். எதிராளியின் சர்வரை முடக்க ஒரு கருவி தேவைப்பட்டது. மிராய் செய்த வேலை எளிமையானது. இணையத்தில் உள்ள முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்கும். கேமராவோ, டிவிஆரோ, ரவுட்டரோ பதில் சொன்னால், தன்னிடம் உள்ள அறுபது சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். எல்லாம் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய கடவுச்சொற்கள். ஒன்று பொருந்தினாலும் அந்தச் சாதனம் மிராயின் படையில் சேர்ந்துவிடும். உச்சத்தில் சுமார் 6,00,000 சாதனங்கள் அந்தப் படையில் இருந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

அந்த இளைஞர்கள் மிராயின் மூல நிரலை 2016 செப்டம்பர் இறுதியில் பொதுவில் போட்டார்கள். அதன் பிறகு அது யார் கைக்கும் எட்டுவதாயிற்று. அக்டோபர் 21 அன்று, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் ‘டைன்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது மிராய்ச் சாதனங்கள் பாய்ந்தன. ட்விட்டர், நெட்பிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை, ரெடிட் போன்ற தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் எட்டவில்லை. அடுத்த மாதமே ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 9,00,000 பேரின் ரவுட்டர்கள் தடுமாறின. மிராயின் வேறொரு வடிவம் அவற்றுக்குள் நுழைய முயன்றதே காரணம்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மிராய்ப் படையில் சேர்ந்த ஏராளமான கேமராக்களிலும் டிவிஆர்களிலும் ஷியோங்மாய் என்ற சீன நிறுவனத்தின் பாகங்கள் இருந்தன. அவற்றில் ஒரு கடவுச்சொல் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. உரிமையாளர் முன்பக்கத்தில் தெரியும் கடவுச்சொல்லை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. விழிப்புணர்வுப் பிரசுரத்தை வரிவிடாமல் படித்தவருடைய கேமராவும் மிராய்க்கு வேலை செய்திருக்கும். பின்னர் ஷியோங்மாய் அமெரிக்காவில் விற்ற தன் சாதனங்களில் சிலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

இனி நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வருவோம். ஒரு ஜவுளிக்கடைக்கோ நகைக்கடைக்கோ நான்கு கேமரா, ஒரு டிவிஆர், ஒரு ஹார்ட் டிஸ்க் என்று பேசி முடிக்கிறார்கள். காலையில் டெக்னீஷியன் வருகிறார். சுவரில் துளை போட்டு, கேபிள் இழுத்து, மாலைக்குள் முதலாளியின் போனில் படம் வரச் செய்துவிடுகிறார். படம் தெளிவாக வருகிறதா, இரவில் தெரிகிறதா, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று முதலாளி கேட்கிறார். கடவுச்சொல் என்ன என்று கேட்பவர் குறைவு. ஆப்பைத் திறந்து கொடுத்ததும் கணக்கு முடிகிறது.

அந்த டெக்னீஷியனின் பக்கத்திலிருந்து பார்த்தால் நடப்பதற்குக் காரணம் புரியும். அவருக்கு நூறு வாடிக்கையாளர்கள் இருக்கலாம். ஆறு மாதம் கழித்துப் படம் வரவில்லை என்று ஒரு கடையிலிருந்து போன் வந்தால், உள்ளே போய்ப் பார்க்க அவருக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். முதலாளி மறந்திருப்பார். ஆகவே எல்லாக் கடைக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துவிடுவது அவருக்கு வசதி. பல இடங்களில் கணக்கைத் தொடங்கும்போது தம்முடைய மின்னஞ்சலையோ போன் எண்ணையோ போட்டுத் தொடங்குகிறார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கடவுச்சொல் கசிந்தால் ஒரு பஜார் முழுவதும் திறந்துகொள்கிறது. அவரிடம் வேலை பார்த்த பையன் கோபித்துக்கொண்டு வெளியேறினால் அத்தனை கடைகளின் கண்ணும் அவனோடு போகிறது. சொந்த வீடு வாங்குகிறவர் பழைய குடித்தனக்காரரிடம் ஒரு சாவி இருக்கட்டும் என்று விட்டுவைப்பதில்லை. முதல் வேலையாகப் பூட்டை மாற்றுகிறார். கேமராவில் அந்த வழக்கம் இன்னும் வரவில்லை.

பிராட்பேண்டு இணைப்பிலும் இதே கதைதான். லைன் கொடுக்க வருபவர் ரவுட்டரை வைத்து, வைஃபைக்கு வீட்டுக்காரரின் போன் எண்ணையோ, பிள்ளையின் பெயரோடு 123-ஐயோ கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போகிறார். ரவுட்டருக்கு இன்னொரு கடவுச்சொல் உண்டு. அதன் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல். அது தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்துவிடுகிறது. வைஃபை கிடைத்த எவரும் அதைப் பயன்படுத்தி ரவுட்டரையே தன் கைக்குள் கொண்டுவரலாம். அதன் பிறகு வங்கித் தளத்தின் முகவரியைத் தட்டினால் எங்கே போக வேண்டும் என்பதைக்கூட அவர் தீர்மானிக்க முடியும்.

“நம் சின்னக் கடைக்கு யார் வரப்போகிறார்கள்?” என்ற கேள்வி எல்லா ஊரிலும் கேட்கிறது. கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் யாரும் அந்தக் கடையைத் தேடி வருவதில்லை. மிராய்க்கு மைலாப்பூரும் மியாமியும் ஒன்றுதான். அது எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகும் நிரல். இணையத்தில் திறந்து கிடக்கும் சாதனங்களைத் தேடித் தரும் ‘ஷோடன்’ என்ற தேடுபொறி 2009 முதல் இயங்குகிறது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் நல்ல நோக்கத்துக்குப் பயன்படுத்தும் அதே கருவி மற்றவர்களுக்கும் கிடைக்கிறது. தென் கொரியாவில் சுமார் 1,20,000 வீட்டு, கடைக் கேமராக்களுக்குள் புகுந்ததாக நான்கு பேர் கைதான செய்தி 2025 இறுதியில் வந்தது. அந்த எண்ணிக்கையை மனிதர் தேடித் தேடி எட்ட முடியாது.

காட்சி திருடப்படுவது ஒரு வகைக் கேடு. நம் இணைப்பை வேறொருவர் தம் குற்றத்துக்குப் பயன்படுத்துவது இன்னொரு வகை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீஸார் தேடிப் போனபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபையில் போய் நின்றார்கள். அவருடைய திறந்த இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். தமக்குச் சம்பந்தமில்லை என்று தெளிவாகும்வரை அவர் விசாரணையைச் சந்திக்க வேண்டியிருந்தது.

அன்று அதற்குக் கட்டடத்தின் அருகே வந்து நிற்க வேண்டியிருந்தது. இன்று அதுவும் வேண்டாம். குறைந்த விலைக்கு எல்லாச் சேனலும் இலவசம் என்று விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் சில, வாங்கும்போதே தீநிரலோடு வருகின்றன. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்று பெயரிடப்பட்ட, இத்தகைய பெட்டிகளைக் கொண்ட வலையைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் கூகுள் இதை நடத்துவோர்மீது வழக்குத் தொடுத்தது. 1 கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கூறியது. இந்தப் பெட்டிகள் செய்யும் வேலைகளில் ஒன்று, வீட்டு இணைப்பை வாடகைக்கு விடுவது. எங்கோ இருக்கும் மோசடிக்காரர் நம் வீட்டு முகவரியிலிருந்து வருவதுபோல இணையத்தில் உலவலாம். போலீஸ் தேடினால் கிடைக்கும் முகவரி, டிவி பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துடையது.

சிறு தொழில்களில் இழப்பு இன்னும் நேரடியானது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ‘நைட்ஸ் ஆஃப் ஓல்ட்’ என்ற லாரி நிறுவனம் 1865 முதல் இயங்கியது. கேஎன்பி என்ற குழுமத்தின் கீழ் சுமார் 500 லாரிகள். 2023 ஜூனில் ‘அகிரா’ என்ற கும்பல் அதன் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஊழியர் ஒருவரின் எளிய கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே வந்ததாக நம்பப்படுகிறது. கணக்குகள் மீளவில்லை. சில மாதங்களில் நிறுவனம் மூடப்பட்டு ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தார்கள். அது அவருடைய கடவுச்சொல்தான் என்பதை அந்த ஊழியரிடம் தாம் சொல்லவில்லை என்று இயக்குநர் பால் அபாட் பிபிசியிடம் தெரிவித்தார். அந்தப் பெருந்தன்மையில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஒரே ஒரு கடவுச்சொல் தோற்றால் 158 ஆண்டுத் தொழில் விழும் என்றால், அமைப்பு முழுவதும் பிழையாகக் கட்டப்பட்டிருந்தது என்று பொருள். ஓர் ஊழியரைக் குற்றவாளியாக்கி அதைச் சரிசெய்ய முடியாது.

நம் ஊரில் இதன் வடிவம் பழக்கமானது. கடையிலோ மில்லிலோ ஒரு கணினி. அதில் டேலி, ஜிஎஸ்டி பில், சம்பளக் கணக்கு. முதலாளி வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும், ஆடிட்டர் தம் அலுவலகத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகக் கணினிக்குத் தொலைவிலிருந்து இணையும் வசதியைச் சர்வீஸ் செய்பவர் திறந்துவிடுகிறார். அது இணையம் முழுவதற்கும் திறந்து நிற்கிறது. கடவுச்சொல் கடையின் பெயர். ஒருநாள் காலையில் எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறியிருக்கும்; திரையில் பணம் கேட்கும் அறிவிப்பு இருக்கும். பேக்கப் எடுத்திருப்பார்கள், ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே கணினியில் செருகியே இருந்திருக்கும். அதுவும் பூட்டப்பட்டுவிடும்.

மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஓட்டுவது இதற்குத் துணைபோகிறது. 2017 மே 12 அன்று பரவிய ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, திருத்தம் வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காத கணினிகள் மாட்டிக்கொண்டன. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளும், கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் சிக்கின.

ஒரு சிறு நிறுவனத்தின் ஓட்டை அதோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013 இறுதியில் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடுபோனது. திருடர்கள் முதலில் புகுந்தது டார்கெட்டுக்குள் அல்ல. அதற்குக் குளிர்பதன வேலை செய்துகொடுத்த ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்துக்குள். இந்தியாவில் 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பம் வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. முன்னெச்சரிக்கையாக, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அதன் தொடர்பைத் துண்டித்ததால், சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யுபிஐ வழியே பணம் அனுப்ப முடியவில்லை. வங்கியின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்த வாடிக்கையாளர்களுக்கு எப்படித் தெரியும்?

ஏற்றுமதியாளர்களை வாட்டுவது வேறொன்று. வெளிநாட்டு வாங்குபவரோடு நடக்கும் மின்னஞ்சல் உரையாடலை ஒருவர் உள்ளிருந்து பல வாரம் படிக்கிறார். பில் போகும் நேரம் பார்த்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று ஏற்றுமதியாளரின் பெயரில் ஒரு கடிதம் அனுப்புகிறார். சரக்கு கப்பலேறிவிடும், பணம் வேறு நாட்டுக் கணக்குக்குப் போய்விடும். எஃப்பிஐ-யிடம் 2024-ல் வந்த புகார்களில் மட்டும் இந்த வகை மோசடியின் இழப்பு 277 கோடி டாலர். திருப்பூர், கரூர் போல மின்னஞ்சலை நம்பியே உலகத்தோடு வணிகம் செய்யும் ஊர்கள் இதைத் தங்கள் தொழிலின் அபாயமாகவே எண்ண வேண்டும். இதற்கு மருந்து செலவில்லாதது. மின்னஞ்சலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட வேண்டும். கணக்கு எண் மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த போன் எண்ணில் ஆளிடம் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்பக்கூடாது என்று இரு தரப்பும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

சட்டங்கள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதல், இணையச் சாதனம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கடவுச்சொல்லோடு வர வேண்டும், அல்லது முதல் பயன்பாட்டிலேயே புதிதாக வைக்கச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் 2020 அக்டோபரில் வீட்டுச் சாதனங்களுக்கு நான்கு நிலைப் பாதுகாப்பு முத்திரையைத் தொடங்கியது. வைஃபை ரவுட்டர்கள் குறைந்தபட்ச நிலையையாவது தொட்டால்தான் விற்க முடியும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு சாதனம் விற்பது சட்டவிரோதம். எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதையும் நிறுவனம் சொல்லியாக வேண்டும். மீறினால் 1 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2024-ல் அறிவித்து 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, சிசிடிவி கேமராக்கள் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டினால்தான் சந்தைக்கு வர முடியும். தேவையான, பாராட்ட வேண்டிய நடவடிக்கை. ஆனால் விதி புதிய கேமராவுக்கு. ஏற்கெனவே சுவரில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. ஒருமுறை மாட்டினால் பழுதாகும்வரை நம் ஊரில் யாரும் கேமராவை மாற்றுவதில்லை. ஆய்வகத்தில் தேறிய கேமராவும் நூறு கடைக்கு ஒரே கடவுச்சொல் வைக்கும் கைகளில் பலவீனமாகிவிடும். சட்டம் தொழிற்சாலை வாசல்வரை வந்திருக்கிறது. அங்கிருந்து கடைச் சுவர்வரை உள்ள தூரத்தை டெக்னீஷியன்தான் கடக்கிறார்.

ஆகவே முதல் கோரிக்கை அவருக்காக. கேமரா மாட்டுவதையும் நெட்வொர்க் அமைப்பதையும் தொழிலாகக் கொண்டவர்களுக்கு முறையான குறுகிய காலப் பயிற்சி வேண்டும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இருக்கிறது. சில நாள் பாடமாக இதைச் சேர்ப்பது அரசுக்குப் பெரிய செலவு இல்லை. பயிற்சி பெற்றவருக்குச் சான்றிதழ் கொடுத்தால், நாணயமாக வேலை செய்பவருக்கு அது கூடுதல் வருமானமாகும். கடைக்காரரும் யாரைக் கூப்பிடலாம் என்று தெரிந்துகொள்வார்.

இரண்டாவது, ஒப்படைப்புத் தாள். வேலை முடிந்ததும் ஒரு பக்கத் தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். உரிமையாளர் தம் கையால் புதிய கடவுச்சொல்லை வைத்தாரா, கணக்கு அவருடைய எண்ணிலும் மின்னஞ்சலிலும் இருக்கிறதா, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா, தேவையற்ற தொலைவழி அணுகல் மூடப்பட்டதா, எந்தெந்த இடத்தைக் கேமரா பார்க்கிறது என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். கூடுதலாக அரைமணி நேர வேலை. அதற்கான கூலியைக் கொடுக்கக் கடைக்காரர் தயங்கக்கூடாது. வணிகர் சங்கங்கள் இந்தத் தாளை அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். பிராட்பேண்டு நிறுவனங்களும் புதிய இணைப்பு கொடுக்கும்போது இதேபோல ஒன்றைக் கட்டாயமாக்கலாம்.

மூன்றாவது கோரிக்கை காவல்துறைக்கு. ஏ.கே. விஸ்வநாதன் சென்னைக் காவல் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் கேமரா மாட்டச் சொல்லி மக்களிடம் பெரிய இயக்கமே நடந்தது. கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் சொந்தக் காசில் மாட்டினார்கள். குற்றங்களைக் கண்டுபிடிக்க அவை உதவுகின்றன. மாட்டச் சொன்ன அதே குரல், மாட்டியதைப் பூட்டவும் சொல்ல வேண்டும். தெருவைப் பார்க்கும் ஆயிரக்கணக்கான கேமராக்கள் வேறொருவர் கைக்குப் போனால், யார் எப்போது வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள் என்பதைக் கொள்ளையர்களும் பார்க்கலாம்.

இதெல்லாம் நடக்கும்வரை வீட்டுக்காரரும் கடைக்காரரும் கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். நீளம்தான் வலிமை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், ஊகிக்கக் கடினம், நினைவில் வைக்க எளிது. குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே கைவிட்டுவிட்டது. கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும். பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினருக்கான தனி நெட்வொர்க் வசதி இருக்கிறது. கேமரா, டிவி, பேசும் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிட்டு, வங்கி வேலை பார்க்கும் போனையும் கணினியையும் முதன்மை நெட்வொர்க்கில் வைத்துக்கொள்ளலாம். படுக்கையறையில் கேமரா வேண்டாம். பெயர் தெரியாத டிவி பெட்டியைக் கழற்றி வையுங்கள். புதுப்பிப்பு வருவது நின்றுபோன பழைய ரவுட்டரை மாற்றித் தரச் சொல்லி இணைப்பு கொடுத்தவரிடம் கேளுங்கள்.

கடைக்கு இன்னும் சில. கணக்கின் பிரதி ஒன்று எப்போதும் கணினியோடு இணைக்கப்படாமல் வேறு இடத்தில் இருக்க வேண்டும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் திறக்காத பேக்கப் பல நேரம் நெருக்கடியில்தான் வெறுமையாக இருப்பது தெரியவருகிறது. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே மூட வேண்டும். பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீளும். 2024-ல் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டைப்போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு.

வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மருத்துவமனை, பள்ளி, டியூஷன் சென்டர், கடை ஆகியவற்றுக்கு இன்னொரு பொறுப்பும் வந்துகொண்டிருக்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. அந்த உச்சத் தொகை சிறு மருத்துவமனைக்கு விதிக்கப்படப் போவதில்லை. ஆனால் ‘எனக்குத் தெரியாது, மாட்டியவர்தான் அப்படி வைத்தார்’ என்ற பதில் இனிச் செல்லாது.

தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களுக்காகக் காத்திருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. அரசு மருத்துவமனைகள், பள்ளிகள், விடுதிகள், பேருந்து நிலையங்கள் ஆகியவற்றின் கேமராக்களில் தொடங்கலாம்: எந்த அறையில் கேமரா இருக்கிறது, கடவுச்சொல் யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு துறையும் எழுத்தில் பதில் தரட்டும். புதிய கேமராவுக்கான டெண்டர்களில் ஒப்படைப்புத் தாளைக் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்கட்டும். அரசு வேலைக்கு அந்தத் தாள் கட்டாயமானால், அரசுக்கும் தனியாருக்கும் மாறி மாறி வேலை செய்யும் அதே டெக்னீஷியன்கள் அந்தப் பழக்கத்தைக் கடைத்தெருவுக்கும் கொண்டுவருவார்கள்.